வாசல் உள்ள பூங்காவும் வாசல் இல்லாத படித்துறையும்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அந்தத் தூரத்துக்குள் பேருந்து வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டிவிடுகிறது. கரந்தை, பள்ளியக்ரகாரம், அம்மன்பேட்டை, கண்டியூர் என்று நீளும் இந்தச் சாலையில் வயலும் வீடும் மாறி மாறி வரும். போகப் போக விட்டுக்கொடுப்பது வயல்தான். திருவையாறு ஒரு வட்டத்தின் தலைநகர், தேவாரப் பாடல் பெற்ற தனி ஊர். ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் துணி எடுக்கவும் அலுவலக வேலைக்கும் தஞ்சாவூருக்கே போய்வரும் குடும்பங்கள் பெருகிவிட்டன. தஞ்சை நகரத்தின் வடகோடிப் புறநகர் என்று அதை இன்று சொன்னால் தப்பில்லை.

புறநகர் என்று ஆனதும் அந்த ஊரை அளக்கும் கோலும் மாறிவிடுகிறது. பூங்கா உண்டா, கடைத்தெரு எப்படி, பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். பூங்கா உண்டா என்றால் உள்ளூர்க்காரர்கள் பலரும் கைகாட்டும் இடம் தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திருவையாற்றில் காவிரிக்கரையில் புஷ்ய மண்டபப் படித்துறை இருக்கிறது. அதற்குப் பூங்கா என்ற பெயர் மட்டும்தான் இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வீண் வேலை அல்ல. இரண்டும் தண்ணீரை ஒட்டியவை. இரண்டிலும் சாயங்காலத்தில் மக்கள் செய்யும் காரியம் ஒன்றுதான்: தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

சிவகங்கையில் பூங்காவைவிடக் குளம் மிகப் பழையது. பெரிய கோயிலையும் இந்தக் குளத்தையும் சேர்த்து வளைத்த சின்னக் கோட்டையை 16-ஆம் நூற்றாண்டில் சேவப்ப நாயக்கர் கட்டினார் என்பது வரலாறு. அவர் பெயரிலேயே மேற்கே ஓர் ஏரி உண்டு. மழைத் தண்ணீர் அந்த ஏரியில் தேங்கி, வண்டல் படிந்து, தெளிந்த பிறகு சிவகங்கைக்கு வரும். அங்கிருந்து மண்ணுக்கடியில் பதித்த குழாய்கள் வழியே அரண்மனைக்கும் ஐயன்குளம் போன்ற நகரக் குளங்களுக்கும் போகும். ஜலசூத்திரம் என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். மேட்டு நிலமான தஞ்சாவூருக்கு ஆறு எட்டாத குறையைத் தீர்த்தது இந்தக் குளம்தான். அது அரசரின் தண்ணீராக, கோட்டைச் சுவருக்குள் காவலில் இருந்தது.

1855-இல் கடைசி மராட்டிய அரசர் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார். அரசு போயிற்று. 1866-இல் நகராட்சி வந்தது. அந்த நகராட்சி 1871-72-இல் சிவகங்கைக் குளத்தைச் சுற்றி மக்கள் பூங்கா ஒன்றை அமைத்தது. அரசரின் குளம் ஊராரின் குளமாக மாறிய விதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. கோட்டை எழுந்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, சாமானியன் ஒருவன் வேலை எதுவும் இல்லாமல் உள்ளே போய் உட்காரலாம் என்ற உரிமை அப்போதுதான் வந்தது.

அந்த யோசனை தஞ்சாவூரில் முளைத்ததல்ல. இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட் என்ற ஊரில், பொதுப் பணத்தில் பொதுமக்களுக்கென்று அமைத்த பூங்கா 1847 ஏப்ரலில் திறக்கப்பட்டது. உலகத்தில் அந்த வகையில் முதல் பூங்கா அது என்பார்கள். ஆலைப் புகையிலும் நெருக்கடியான குடியிருப்புகளிலும் வாழ்ந்த தொழிலாளிக்குக் கொஞ்சம் புல்லும் காற்றும் வேண்டும் என்பது அதன் காரணம். பன்னிரண்டு ஆண்டுகளில், 1859-இல், ஆளுநர் டிரெவெல்யன் காலத்தில் சென்னைக்கு அதே பாணியில் ஒரு மக்கள் பூங்கா வந்தது. அதற்கடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அது தஞ்சாவூருக்கு வந்துவிட்டது.

பர்க்கன்ஹெட் பூங்கா திறந்த அதே 1847-இன் ஜனவரியில்தான் திருவையாற்றில் தியாகராஜர் மறைந்தார். அவர் வாழ்ந்த தெருவிலிருந்து காவிரிக்கு நடந்தே போய்விடலாம். அந்தக் கரைக்கு யாரும் பூங்கா அமைக்கவில்லை. அமைக்கத் தேவையும் இருக்கவில்லை. புல்லும் காற்றும் ஆலைத் தொழிலாளிக்கு இல்லாமல் போனதுபோல இங்கே யாருக்கும் இல்லாமல் போய்விடவில்லை. ஆற்றங்கரையே அவற்றைத் தந்துகொண்டிருந்தது.

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதில்தான் இருக்கிறது. பூங்காவுக்குள் போகிறவருக்கு அங்கே வேலை எதுவும் கிடையாது. ஓய்வு மட்டும்தான். படித்துறைக்குப் போகிறவருக்கு ஒரு வேலை இருக்கிறது. விடியலில் குளியல், ஈரத் துணியோடு சூரியனுக்கு ஒரு கும்பிடு, ஒரு குடம் தண்ணீர், அமாவாசையானால் தர்ப்பணம், துக்க வீட்டாருக்கு அதற்குரிய சடங்கு. வேலைக்குப் போனவருக்கு ஓய்வும் சேர்ந்தே கிடைக்கிறது. குளித்து முடித்தவர் உடனே எழுந்து போவதில்லை. மண்டபத்துத் தூணில் சாய்கிறார், பக்கத்தில் துவைக்கும் அம்மாவிடம் பெண்ணுக்கு வரன் கூடியதா என்று விசாரிக்கிறார், பாலத்தில் போகும் பேருந்தைப் பார்க்கிறார். வெயில் ஏறிய பிறகு மண்டப நிழல் படுத்துத் தூங்குகிறவர்களுடையது. சாயங்காலம் குழந்தைகளை அழைத்துக்கொண்டு குடும்பங்கள் வரும். இசைக் கல்லூரி மாணவர்கள் இரண்டு மூன்று பேராக வந்து கீழ்ப்படியில் உட்காருவார்கள். இருட்டிய பிறகு வயசானவர்களின் பேச்சு மட்டும் மிஞ்சும். இத்தனை வகை ஆட்களும் இத்தனை மணி நேரமும் ஓரிடத்தில் நிறைந்திருக்கிறார்கள். ஆள் வரவேண்டும் என்று அங்கே யாரும் எதையும் நிறுவவில்லை.

பூங்கா அப்படி இருந்துவிட முடியாது. வேலையில்லாத இடத்துக்கு மக்கள் வரவேண்டுமானால் ஏதாவது காட்ட வேண்டும். சிவகங்கை அதற்காகப் பாடுபட்டது. மான்கள் இருந்தன, பறவைக் கூண்டுகள் இருந்தன, குட்டி ரயில் ஓடியது, படகு விட்டார்கள், குளத்தின் நடுவில் உள்ள சின்னக் கோயில்வரை கம்பியில் தொங்கிப் போகும் வண்டியும் இருந்தது. தஞ்சை மாவட்டத்துப் பிள்ளைகளில் ஒரு தலைமுறைக்கு விடுமுறை என்றால் அந்தக் குட்டி ரயில்தான். ஆனால் காட்சிப் பொருளுக்கு ஆயுள் குறைவு. வண்டி பழுதாகும், கூண்டு காலியாகும், மறுபடி செலவு செய்ய வேண்டும். தஞ்சாவூர் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தேர்வான பிறகு, சீரமைப்பு என்று சொல்லிப் பூங்கா ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தது. பூட்ட ஒரு கதவு இருந்ததால் பூட்ட முடிந்தது.

அதற்காகப் படித்துறையைக் குற்றமற்றதாகக் காட்டிவிடக் கூடாது. காவிரிக்கரை ஊர்களில் துறைகளுக்குச் சாதி இருந்தது. யார் எந்தத் துறையில் இறங்கலாம், யார் எவருக்குக் கீழ்ப்பக்கத்தில் குளிக்க வேண்டும் என்ற வழக்கம் நெடுங்காலம் நிலவியது. வாசல் இல்லாத இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தடுப்பு நின்றது. பூங்கா என்ற ஏற்பாட்டில் அந்தத் தடுப்புக்கு இடமில்லை. சீட்டு வாங்குகிறவரை இன்னார் என்று கேட்க அதன் சட்டத்தில் வழியில்லை. நகராட்சிப் பூங்கா நம் ஊர்களுக்குக் கொண்டுவந்த பெரிய நன்மை இது. மான், ரயில் எல்லாம் இதற்கு அப்புறம்தான். படித்துறையின் அழகைப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிட்டுப் பேசினால் அந்தப் பேச்சு பாதி உண்மைதான்.

கடைகளுக்கு வருவோம். சிவகங்கைப் பூங்காவை ஒட்டியும் பெரிய கோயில் வாசலைச் சுற்றியும் இருப்பவை பெரும்பாலும் வெளியூர்க்காரர்களை நம்பிய வியாபாரம். தலையாட்டி பொம்மை, தொப்பி, பலூன், வெள்ளரிப்பிஞ்சு, குளிர்பானம். ஆண்டு முழுக்கச் சரக்கு ஏறக்குறைய ஒன்றேதான். வருகிறவர் நாளைக்கு வரமாட்டார் என்பதால் விலை பேசுவதில் ஒரு அவசரம் இருக்கும்.

படித்துறைக் கடைகள் பஞ்சாங்கம் பார்த்து நடப்பவை. ஆடிப்பெருக்குக்கு முந்தின நாளே காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, பேரிக்காய், நாவல்பழம், விளாம்பழம் என்று தரையில் சாக்கு விரித்துப் பரப்பிவிடுவார்கள். புதுசாகக் கல்யாணமான பெண்கள் எடுத்து வைத்திருந்த திருமண மாலையை ஆற்றில் விட வருவார்கள். காப்பரிசி கலந்து, படியில் வாழையிலை போட்டு, காவிரிக்குப் படைத்துவிட்டு, பெரியவர்கள் கையால் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். ஆடி அமாவாசைக்கு அதே இடத்தில் எள்ளும் தர்ப்பையும் பச்சரிசியும். அன்றுதான் அப்பருக்குக் கயிலைக் காட்சி கிடைத்த விழா ஐயாறப்பர் கோயிலில் நடக்கும். தைப்பூசத்துத் தீர்த்தவாரிக்குச் சாமிகள் இந்த மண்டபத்துக்கு எழுந்தருளும்போது பூக்காரர்களின் நாள். சித்திரையில் ஏழூர்ப் பல்லக்கு என்றால் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று சுற்றியுள்ள ஊர்ச் சனம் முழுக்கத் திருவையாற்றுத் தெருவில் நிற்கும். விற்கிற பாட்டியிடம் தேதியைக் கேட்க வேண்டாம். அவர் முன்னால் இருக்கும் கூடையைப் பார்த்தாலே போதும்.

நிலையான கடை என்றால் இந்த ஊரில் அசோகாதான். ஆண்டவர் அல்வா கடையின் பெயர் திருவையாற்றின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பாசிப்பருப்பை வறுத்துக் குழைய வேகவைத்து, நெய்யில் வறுத்த கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்து, ஓரம் விடும்வரை கிளறி எடுக்கும் இனிப்பு. டெல்டாவில் கல்யாணப் பந்திகளிலும் இதற்கு இடம் உண்டு. வாயில் போட்டால் மெல்ல வேண்டியதில்லை. அப்புறம் ஒரு கை காரம், ஒரு காபி. தஞ்சாவூரில் சந்திரகலாவுக்குப் பெயர் உண்டு. அதைப் பெட்டியில் வாங்கி ஊருக்கு எடுத்துப்போகிறார்கள். அசோகாவின் ருசி சூடாக, கடை வாசலிலேயே நின்று தின்பதில்தான் இருக்கிறது. அப்படி நிற்கும்போது பக்கத்தில் நிற்கிறவரோடு பேச்சு வந்துவிடும். அந்த வகையில் கடை வாசலும் படித்துறையின் இன்னொரு படிதான்.

பார்க்க என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு இரண்டு இடங்களும் தரும் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. சிவகங்கைக் குளத்தை ஒட்டிச் சுவார்ட்ஸ் பாதிரியார் 1779-இல் கட்டிய தேவாலயம் இருக்கிறது. உள்ளே சலவைக்கல்லில் ஒரு புடைப்புச் சிற்பம். மரணப் படுக்கையில் கிடக்கும் சுவார்ட்ஸும் அருகில் நிற்கும் இரண்டாம் சரபோஜியும். சிறு வயதில் தம்மைக் காத்து வளர்த்த பாதிரியாருக்காக, லண்டனில் ஜான் பிளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்து வரவழைத்தார் அரசர். சுவார்ட்ஸ் இறந்தது 1798-இல். பெரிய கோயில் விமானம் தெரியும் இடத்தில், ஒரு இந்து அரசர் கிறிஸ்தவப் பாதிரியாருக்கு எடுத்த நினைவு. பூங்காவுக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேர் இதை எட்டிப் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

அந்தச் சரபோஜி ஆண்ட அதே ஆண்டுகளில்தான், 13 கிலோமீட்டர் வடக்கே, அரசவைப் பக்கம் போகாமல் தியாகராஜர் பாடிக்கொண்டிருந்தார். அவருடைய சமாதி கவனிப்பாரில்லாமல் புதர் மண்டிக் கிடந்தது. 1920-களில் அங்கே சந்நிதி எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். குருவை அவர் கண்ணால் கண்டதில்லை. தம் சம்பாத்தியத்தைப் போட்டுக் கட்டினார். அவர் கட்டிய சந்நிதிக்கு முன்னாலேயே பெண்கள் தியாகராஜர் ஆராதனையில் பாடக் கூடாது என்ற தடை இருந்தது. அதை எதிர்த்துப் பெண்களைத் திரட்டித் தனியே பாட வைத்தார். ஆராதனை விழாவைத் தனித்தனியே நடத்திய கட்சிகள் ஒன்றுபட்ட பிறகு, 1941-இல் பெண்களுக்கும் இடம் கிடைத்தது. 1952-இல் மறைந்த அவருடைய சமாதி தியாகராஜர் சந்நிதியைப் பார்த்தபடி இருக்கிறது. தை மாதத்துப் பகுள பஞ்சமியில் பஞ்சரத்தினம் கேட்க வருகிறவர்கள் அந்த அம்மாள் இருக்கும் திசைக்கும் ஒரு நிமிஷம் திரும்ப வேண்டும் என்பது என் ஆசை.

ஒன்று அரசர் எடுத்த நினைவு, மற்றது அதிகாரம் எதுவும் இல்லாத ஒரு பெண் எடுத்த நினைவு. திருவையாற்றின் பொது இடங்களெல்லாம் இப்படித் தனித்தனி ஆட்களால் உண்டானவை. ராஜராஜனின் தேவி லோகமாதேவி ஐயாறப்பர் கோயிலில் வடகயிலாயம் கட்டினார். ராஜேந்திரன் காலத்தில் பஞ்சவன்மாதேவி தென்கயிலாயத்துக்குக் கொடை தந்தார். மராட்டியர் கல்யாண மகாலை ஆற்றங்கரையில் எழுப்பினார்கள். பிறகு நாகரத்தினம்மாள். ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒன்றைச் செய்துவிட்டுப் போனார்கள். மொத்தத்துக்கும் பொறுப்பான ஒரு கை எப்போதும் இருந்ததில்லை.

அதன் விலையை இன்றைக்குப் படித்துறை கொடுக்கிறது. பூங்காவில் குழாய் உடைந்தால் மாநகராட்சியைக் கேட்கலாம். படித்துறையில் யாரைக் கேட்பது? ஆறு நீர்வளத்துறையுடையது. கோயில் தருமபுரம் ஆதீனத்தைச் சேர்ந்தது. குப்பை உள்ளாட்சியுடையது. விழாக்கூட்டம் காவல்துறையுடையது. ஆராதனை ஒரு சபையுடையது. ஐந்து பேர் பொறுப்பில் உள்ள வேலை எப்படி நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆடிப்பெருக்கன்று கூடும் பெண்கள் ஈரப் புடவை மாற்ற ஒரு மறைவு தேடி அலைகிறார்கள். ஆற்றில் விட்ட துணியும் மாலையும் மறுநாள் படியோரத்தில் மக்கிக் கிடக்கின்றன. தண்ணீர் வரும் மாதங்களில் குளிக்க இறங்கியவர் மூழ்கினார் என்ற செய்தி டெல்டாவில் எந்த ஆண்டும் வராமல் இருந்ததில்லை.

தண்ணீர் என்பதே இங்கே இன்னொருவர் கையில் இருக்கிறது. 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு, ஜூன் 12-இல் திறப்பு, ஜனவரி 28-இல் மூடல் என்பது கணக்கு. அதனால் மாசியிலிருந்து வைகாசி முடியக் காவிரி மணலாகக் கிடக்கும். படித்துறை இருக்கும், துறை இருக்காது. பையன்கள் ஆற்றுக்குள் கிரிக்கெட் ஆடுவார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் ஆடிப்பெருக்குக்கே ஆழ்குழாய்த் தண்ணீரை நம்ப வேண்டியிருந்தது. காவிரிக்குப் படைக்க வந்தவர்கள் குழாயடியில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு அந்த நாள் மறக்காது. மணல் அள்ளிய இடங்களில் ஆறு இறங்கிவிட்டதால், தண்ணீர் வந்தும் மேல்படிக்கு எட்டாமல் போவதும் உண்டு. கொரோனாக் காலத்தில் 2020, 2021 ஆண்டுகளில் காவிரிக்கரைத் துறைகளில் கூடுவதற்கே தடை. கதவில்லாத இடத்துக்கும் தடுப்புக் கட்டைகள் வந்தன.

இந்த நிலையில், திருவையாறு வளர்கிறது, நகரத்தைப் போல அதற்கும் ஒரு பூங்கா வேண்டும் என்று யாராவது கிளம்பினால் நான் அஞ்சுவது ஒன்றுக்குத்தான். வேலி கட்டி, வாசல் வைத்து, செயற்கை நீரூற்றும் செல்ஃபி எடுக்க ஒரு வளைவும் நிறுத்தி, அதை மேம்பாடு என்று சொல்லிவிடுவார்கள். சென்னை மக்கள் பூங்காவுக்கு நேர்ந்ததையும் நினைவில் வைக்க வேண்டும். பூங்கா என்று குறித்த நிலத்தில் மூர் மார்க்கெட் வந்தது, ரிப்பன் மாளிகை வந்தது, விளையாட்டரங்கம் வந்தது. மிஞ்சியது ஒரு மூலை. காலியிடம் என்று கணக்கில் ஏறிய எதையும் பிறகு வேறொரு கட்டடம் கேட்கும்.

படித்துறைக்குப் பூங்காவிலிருந்து கடன் வாங்க வேண்டியவை சில உண்டு. பெண்கள் துணி மாற்றப் பூட்டக்கூடிய அறைகள். சுத்தமான கழிப்பறை. ஆழம் தொடங்கும் படியில் சங்கிலி, எங்கே ஆழம் என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை. தண்ணீர் அதிகம் திறக்கும் நாள்களில் முன்னறிவிப்பும் நீச்சல் தெரிந்த காவலரும். பாசி தேய்க்க ஆள். ஆற்றில் விடும் துணியையும் மாலையையும் போட ஒரு தொட்டி. கடை விரிக்கும் பாட்டிகளை விழாவுக்கு விழா விரட்டாமல் அவர்களுக்கென்று ஓர் இடம். கல்யாண மகால் தொடங்கித் தியாகராஜர் சமாதிவரை கரையோரம் இருட்டாமல் இருக்க விளக்கு. இவையெல்லாம் சேர்ந்தாலும் சிவகங்கைச் சீரமைப்புக்கு ஆன செலவில் ஒரு சிறு பங்குக்கு மேல் போகாது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டியது ஒன்று: அந்த ஐந்து தரப்பும் சேர்ந்து ஒருவரைப் பொறுப்பாக்கி, அவர் பதவியையும் தொலைபேசி எண்ணையும் மண்டபத் தூணுக்குப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். அடுத்த ஜூனில் மேட்டூர் திறப்பதற்குள் இதை முடித்துவிடலாம்.